போயிட்டு வரேன் என்றால்

மருத்துவமனையில் அவளுக்கு ‘டோக்கன் அக்கா’ என்றுதான் பெயர். புறநோயாளிகள் கூடத்தில், பக்கவாசலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து பதினேழு வருடமாக எண் சீட்டு கொடுக்கிறாள். அதற்கு முன்னால் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள். அந்தக் குரல் இன்னும் போகவில்லை. “நாப்பத்திரெண்டு!” என்று அவள் கூப்பிட்டால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவரும் எழுந்துவிடுவார். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், “சாப்பிடவாவது நம்பர் போடாம கூப்பிடேன்” என்று கிண்டல் செய்வார்.

அவள் வேலையில் எந்த உத்தரவிலும் எழுதாத ஒரு பகுதி இருந்தது. மருந்தகத்தில் மருந்து வாங்கியவர்கள் பக்கவாசல் வழியாகப் பத்தடி நடந்து அவளிடம் திரும்பி வருவார்கள். “எதை எப்போ சாப்பிடணும்மா?” அவள் மருந்துச் சீட்டைப் பார்த்து, மாத்திரை அட்டையில் பேனாவால் சூரியனோ நிலாவோ வரைந்து கொடுப்பாள்.

அந்தப் பக்கவாசலைச் சுவர் வைத்து அடைத்து, அங்கே கோப்பு அறை கட்டலாம் என்று கண்காணிப்பாளர் நினைத்தார். அடைத்துவிட்டால் மருந்தகத்திலிருந்து கூடத்துக்கு வரக் கட்டடத்தையே சுற்ற வேண்டும். ஊன்றுகோலோடு வருகிறவர் சுற்றுவாரா? கேட்காமலே வீட்டுக்குப் போய், இரவு மாத்திரையைக் காலையில் விழுங்குவார். இதுதான் அக்காவை அரித்தது.

கண்காணிப்பாளர் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிறவர் அல்ல. நோயாளிகள் கூட்டம் எப்படி நகரும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்க ஒரு பெண்ணை அமர்த்தியிருந்தார். திரையில் கூடத்தின் வரைபடம். அதற்குள் நோயாளிகள் புள்ளிகளாக ஊர்ந்தார்கள். அக்கா அவளுக்கு ‘புள்ளியம்மா’ என்று பெயரே வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு புள்ளியும் தானே நடக்கும், தானே நிற்கும். அது எப்படி நடக்க வேண்டும் என்பது நிரலுக்குள் புதைந்திருக்கவில்லை. தனியாக ஒரு பட்டியலில் வரிவரியாக இருந்தது: ‘எண்ணைக் கூப்பிட்டால், எழுந்து போ. நாற்காலி இல்லாவிட்டால், சுவரோரம் நில்.’ விதி இயந்திரம் என்ற மென்பொருள் அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்து, எந்தப் புள்ளிக்கு எது பொருந்துமோ அதைச் செய்ய வைக்கும். நடத்தையை மாற்ற ஒரு வரியை மாற்றினால் போதும்.

“அப்போ யாரு வேணா விதியை மாத்தலாமா?” என்று அக்கா கேட்டாள்.

“மாத்தலாம்க்கா.”

“இதையாவது மாத்த முடியுதே!”

புள்ளியம்மா ஒரு வாரம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதி, விதிகளாக்கினாள். பிறகு கண்காணிப்பாளர் முன்னால் ஓட்டிக் காட்டினாள். மருந்து வாங்கிய புள்ளிகள் எல்லாம் நேராக வெளியே போயின. பக்கவாசலில் ஒன்றுகூட நுழையவில்லை.

“பாத்தீங்களா, ஈ காக்கா இல்லை,” என்றார் கண்காணிப்பாளர். “திங்கக்கிழமை கொத்தனார் வரட்டும்.”

“என்னம்மா இது? திரும்பி வர்றவங்க எங்க?” என்றாள் அக்கா.

“யாருக்கா திரும்பி வர்றாங்க?”

“மருந்து வாங்கப் போறவங்க எங்கிட்ட போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போவாங்கன்னு சொன்னேனே!”

புள்ளியம்மா நோட்டைப் புரட்டினாள். அந்த வரி இருந்தது. பக்கத்திலேயே பென்சிலில், ‘விடைபெறுகிறார். வெளியேறு’ என்றும் இருந்தது.

“கிளம்புற எல்லாருமே அப்படித்தானேக்கா சொல்வாங்க? போறேன்னு யாரு சொல்வா?”

“இவங்க நிஜமாவே வருவாங்க தாயி!”

கண்காணிப்பாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, மாத்திப் போடுங்க.”

‘மருந்து வாங்கினால், மேசைக்குத் திரும்பு.’ இந்த முறை புள்ளிகள் சாரை சாரையாக வந்தன. கொஞ்ச நேரத்தில் மேசை மறைந்தது. டாக்டர் அறை வாசலும் அடைத்துக்கொண்டது.

“ஒரு நாளாவது இப்படி நடந்திருக்கா?” என்று கண்காணிப்பாளர் கேட்டார்.

“எல்லாரும் வர மாட்டாங்க சார்.”

“எத்தனை பேர் வருவாங்க?”

பதினேழு வருடம் எண் கொடுத்தவளுக்கு அந்த ஒரு எண் தெரியவில்லை. முகம் சுண்டிப்போயிற்று. “ரெண்டு நாள் குடுங்க சார்,” என்றாள்.

அந்த இரண்டு நாளும், படம் போட்டுக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு கிழித்தாள். மருந்தகத்தில் விசாரித்தாள். மருந்து வாங்கியவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவளிடம் திரும்பியவர்கள் எண்பத்து மூன்று. பாதிக்கு மேல் இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனாலும் ஒரு கோடுகூடச் சேர்க்காமல் தாளை அப்படியே புள்ளியம்மாவிடம் காட்டினாள்.

புள்ளியம்மா விதியைத் திருத்தினாள்: ‘மருந்து வாங்கினால், பத்தில் நாலு தடவை மேசைக்குத் திரும்பு.’ வாசல் திறந்திருந்தபோது புள்ளிகள் நெரிசல் இல்லாமல் வந்து போயின. சுவர் வைத்ததும் அதே புள்ளிகள் சுற்றி வந்து, தலைவாசலில் புதிதாக வருகிறவர்களோடு முட்டி நின்றன.

கண்காணிப்பாளர் இரண்டையும் மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தார். “கோப்பு அறையை மாடிக்குக் கொண்டு போயிடலாம்,” என்றார். எழுந்தவர் நின்றார். “சூரியன் போடுறது உங்க வேலையில இல்லையே?”

“இல்லை சார்.”

“இனிமே இருக்கட்டும். ஆனா மருந்தாளுநர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டுப் போடுங்க.”

அக்கா தலையாட்டினாள். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது.

சாயங்காலம் புள்ளியம்மா பையைத் தோளில் மாட்டினாள். “போயிட்டு வரேன்க்கா.”

“இது எந்த போயிட்டு வரேன்?”

“வெளியேறுதான்க்கா. வேலை முடிஞ்சுதே.”

பத்து நிமிடத்தில் பக்கவாசலில் அவள் தலை தெரிந்தது. சார்ஜரை மேசையிலேயே விட்டுவிட்டாளாம். அக்கா பேனாவை எடுத்து, கோடு போட்ட பழைய தாளில் இன்னொரு கோடு கிழித்தாள்.