துரு சாரின் வூட்டு வண்டி

காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குக் கலைந்துகொண்டிருந்தபோது மாதையன் சாரின் மகள் கவிதாவின் அழைப்பு வந்தது. "டீச்சர், அப்பா போயிட்டாங்க" என்றாள். வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போயிருக்கிறார் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் அவள் அழுவது காதில் விழுந்தது. எங்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற மாதையன் சார், காலையில் வண்டியின் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

அவரைத் தேடி எங்கள் இண்டூருக்கு வருகிறவர்கள் "துரு சார் வூடு" என்று கேட்டால்தான் வழி தெரியும். அந்தப் பெயரை வைத்தவர்கள் மாணவர்கள். பட்டப்பெயர் வைப்பதில் எங்கள் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை; எனக்கு வைத்ததை இங்கே எழுத மாட்டேன். சாருக்கு அந்தப் பெயர் வரக் காரணம், வீட்டுக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் நின்ற ஒரு பழைய கேம்பர் வேன். உள்ளே படுக்கை, அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் உண்டு. ஊரார் அதை வூட்டு வண்டி என்றார்கள்.

ஓசூரிலிருந்து அதை அவர் ஓட்டிக்கொண்டு வந்த நாளில் ஆசிரியர் அறையில் சிரிக்காதவர்கள் இல்லை. "காயலான் கடைக்குப் போறத வழிமறிச்சு வாங்கிட்டு வந்துட்டீங்களா சார்?" என்று நானே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ருக்குமணிக்காக வாங்குனேங்க டீச்சர்" என்றார்.

ருக்குமணி அக்கா அவருடைய மனைவி. அக்காவின் தம்பி தொப்பூர் கணவாயில் லாரி மோதி இறந்தவர். அக்காவின் தாய்வீடு இருப்பதோ தொப்பூரைத் தாண்டி, ஓமலூர்ப் பக்கம். அந்தச் சாவுக்குப் பிறகு அவரால் அந்தச் சாலையில் போகவே முடியவில்லை. பஸ் ஏறினால் கணவாய் வருவதற்குள் மூச்சு முட்டும். பாதியில் இறங்கி அழுதுகொண்டே திரும்பிவிடுவார். அம்மாதான் இங்கே வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போவார். அந்த அம்மாவுக்கும் நடை தளர்ந்ததும் அதுவும் நின்றுபோனது.

"பஸ்ஸ நெனச்ச எடத்துல நிறுத்த முடியாதுங்க. இது நம்ம வண்டி. பயம் வந்தா ஓரங்கட்டிப் படுக்க வச்சு, டீ போட்டுக் குடுத்து, மெதுவா போலாம். எத்தன நாளு ஆனாலும் சரி, அவள அம்மா வூட்டு வாசல்ல எறக்கி வுட்டுரணும்" என்றார் சார்.

ஆனால் அக்கா வண்டிப் பக்கமே திரும்பவில்லை. வருடங்கள் போயின. அவர் மனம் இறங்கி வரும்வரை வண்டி துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும் என்பது ஒன்றே சாரின் கவலையாக ஆனது.

மேலே மின்கம்பி போவதால் கொட்டகை போட வழியில்லை. முதல் மழைக்குத் தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டினார். பிரித்துப் பார்த்தால் உள்ளே வியர்த்து, கூரை விளிம்பெல்லாம் பெயின்ட் கொப்புளம். அன்றோடு தார்ப்பாயை வண்டிமேல் போடுவதை விட்டார். "மூடுனா கெட்டுதுங்க. காத்து போவணும்" என்பார். புளியமரத்தடியில் நிறுத்துவதையும் விட்டார். இலை உதிர்ந்து சந்துகளை அடைத்தது. சக்கரங்களுக்குக் கீழே சிமெண்ட் தளம் போட்டார். கதவுகளின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளைத் துடைப்பக் குச்சியால் குத்திவிடுவார். கொப்புளம் கண்ட இடத்தை உப்புத்தாளால் தேய்த்து துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயின்ட் பூசுவார். வெயில் வந்தால் கதவெல்லாம் திறந்து கிடக்கும்.

ஒரே ஓர் இடம் மட்டும் அவருக்கு அடங்கவில்லை. முன் பம்பருக்குப் பின்னால், ஓட்டுபவரின் காலடித் தகடு. எவ்வளவு பூசினாலும் அடுத்த மழைக்குள் அரித்துவிடும். கரும்பலகையில் துருவுக்குச் சூத்திரம் எழுதுகிறவருக்கு அது மானப் பிரச்சினை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர் கையில் ஒரு கருப்புத் துணி முடிச்சோடு வெளியே வந்தார். கல் உப்பு, படிகாரம், காய்ந்த மிளகாய். திருஷ்டிக்குக் கட்டியது. உப்பு ஈரத்தை இழுத்துச் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரு கட்டுனது இத?" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்றுதான்.

அக்கா வாசலில் வந்து நின்றார். "நாந்தாங்க. அமாவாசைக்கு அமாவாசை மாத்திக் கட்டுறேன். நீங்க பாட்டுக்கு இத எடுத்துக்கிட்டுப் போறீங்க, ரோட்டுல லாரி வராதா? எந்தம்பியக் குடுத்தது போதாதா?"

வண்டிப் பக்கமே வராதவர் என்று நாங்கள் நினைத்திருந்த அக்கா, மாதாமாதம் மண்ணில் மண்டியிட்டு அதன் அடியில் கைவிட்டுக் கட்டியிருக்கிறார். சாரின் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

வேறு யாராக இருந்தாலும் அதை வீசி எறிந்திருப்பார்கள், கூடவே ஒரு பிரசங்கமும் செய்திருப்பார்கள். அவர் உள்ளே போய் ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடியை எடுத்துவந்தார். "உப்ப இதுல போட்டு மூடி வண்டிக்குள்ள வையி. தகட்டுல படாது, காவலுக்குக் காவலும் ஆச்சு" என்றவர், என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். உப்பை மாற்ற வேண்டுமானால் அக்கா வண்டிக்குள் ஏறித்தானே ஆக வேண்டும்! அந்த மனிதருக்குத் தந்திரமும் தெரியும்.

அப்படித்தான் அக்கா ஏறினார். உப்பு மாற்றியவர், பிறகு ஒருநாள் அங்கேயே உட்கார்ந்து டீ குடித்தார். பிறகு கடைவீதி வரை, பிறகு தருமபுரி வரை. ஒருமுறை சித்தேரி மலைக்கே போய்ச் சாமை வாங்கி வந்தார்கள். தொப்பூர் மட்டும் மிச்சம். "வர்ற தையில போலாம்னு ருக்குமணி சொல்லியிருக்கா டீச்சர்" என்று கடைசியாகப் பார்த்தபோது சொன்னார். அந்தத் தை அவருக்கு வராமலே போய்விட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவில்லை.

சாரின் உடலை எடுத்த அன்று மழை தூறியது. உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தில் தார்ப்பாயை இழுத்து வண்டிமேல் போடப் போனார். அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் அக்கா எழுந்து ஓடினார். "அத மூடாதீங்க. அவரு மூட வுட மாட்டாரு."

அஸ்தி கரைக்க எல்லாரும் ஒகேனக்கல் என்றார்கள். எங்களுக்கு அதுதான் பக்கம். அக்கா, "பவானிக்குப் போலாம். தொப்பூரு வழியா. வூட்டு வண்டியிலதான்" என்றார்.

மகள் கவிதா ஓட்டினாள். மடியில் கலசத்தோடு அக்கா, பக்கத்தில் நான். கணவாய் இறக்கத்தில் லாரிகள் உறுமிக்கொண்டு கடந்தபோது அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "நிறுத்து சாமி" என்றார். ஒரு சாப்பாட்டுக் கடை ஓரமாக நிறுத்தினோம். நான் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டேன். ரெண்டு டம்ளரில் ஊற்றச் சொன்னார். ஒன்றைக் குடித்தார். இன்னொன்றைக் கலசத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அவரு ஆறுனாத்தான் குடிப்பாரு" என்றார். அது ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு அதை மண்ணில் ஊற்றிவிட்டு, "போலாம்" என்றார்.

பவானியில் கரைத்து முழுகிவிட்டுத் திரும்பும்போது, தீட்டுப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று கவிதா வண்டியை ஓமலூர்ப் பக்கம் திருப்பினாள். வண்டிச் சத்தம் கேட்டு அக்காவின் அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தார். அக்கா தன் கையாலேயே கதவைத் திறந்து இறங்கினார்.

சார், அக்காவை அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டாயிற்று. காலடித் தகடு கடைசிவரை தாங்கியது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.