பட்டா இல்லாத சர்வர்

ராபர்ட்சன்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் செல்வம் அண்ணனின் வெப்சைட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பலரும் பங்குபோட்டுக்கொள்ளும் கிளவுட் சர்வரே போதும், பண்டிகைக் கூட்டத்துக்கு அளவைக் கூட்டி, பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

இன்று போனால், ஒரு சேல்ஸ் ஆசாமி அவரிடம் கையெழுத்தே வாங்கிவிட்டான்.

"கிளவுட்ல ஊரே ஒண்ணா குடியிருக்கும் சார். டெடிகேட்டட் சர்வர்னா தனி மெஷின், உங்களுக்கே சொந்தம்!"

அண்ணன், மூடிப்போன தங்கச் சுரங்கம் அவர் அப்பாவுக்குக் கொடுத்த மைன் குவார்ட்டர்ஸில் இன்னமும் பட்டா இல்லாமல் இருப்பவர். ‘சொந்தம்’ என்றால் மயங்கமாட்டாரா?

பேப்பரைப் பிடுங்கிப் படித்தேன். மாத வாடகை! நிறுத்தினால் மெஷின் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"இன்னாய்யா, இதுவா சொந்தம்?" என்று கத்தினேன்.

"இருக்கிற வரைக்கும் அவருதுதானே சார்" என்று சிரிக்கிறான், பாவி!

அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "குவார்ட்டர்ஸ் குடுத்தப்ப எங்கப்பாகிட்டயும் இதையேதாம்பா சொன்னாங்க."

உங்களில் யாராவது வெப்சைட்டுக்குப் பட்டா வைத்திருக்கிறீர்களா?