முறிகண்டியில் நிற்கும் யாழ்தேவி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். கிளிநொச்சி ஸ்ரேசனில் ஆறு வருடம் மாஸ்டராக இருந்தேன். அந்த ஆறு வருடத்தில் என்னிடம் ஏச்சு வாங்காத ஆளில்லை. நான் வரும் சத்தம் கேட்டால் ஸ்ரேசன் நாய்கூட வாங்குப் பலகைக்குக் கீழே புகுந்துவிடும். அப்படிப்பட்ட நான் ஒரு மாட்டுக்கொட்டிலின் சாணித் தரையில் முழங்காலில் நின்றேன் என்றால் என் மனைவியே நம்பமாட்டாள். நின்றேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

என்னிடம் மயில்வாகனம் என்று ஒரு பொயின்ஸ்மன் வேலை செய்தார். தண்டவாளம் பிரியும் இடத்தில் நெம்புகோலைத் தள்ளி, வருகிற வண்டியைச் சரியான பாதையில் திருப்பிவிடுகிற வேலை. பதினாறு வருடத்தில் ஒரு நாளும் பிசகியதில்லை. ஒரே குறை, திக்குவாய். வீட்டில் அவ்வளவு இல்லையாம். மேலதிகாரி ஒருவர் முன்னால் நின்றால் போதும், முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். "பேரில வாகனம் இருக்குது, வாயிலதான் பிரேக்" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார். இன்று நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

அந்த மனிதருக்கு இருந்தது ஒரே ஆசை. கார்ட் ஆகவேண்டும். கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி காட்டி, முழு வண்டியையும் தன் பொறுப்பில் கொண்டுபோகவேண்டும். அதற்கு வாய்மொழிப் பரீட்சை உண்டு. மூன்று தரம் போய்ப் பார்க்கலாம். மூன்றிலும் தவறினால் இந்தப் பிறப்பில் பொயின்ஸ்மன்தான். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்பதில் முதல்தரம் போனார். பரிசோதகர் முன்னால் ஒரு சொல்லும் வரவில்லை. அறுபத்திரண்டில் இரண்டாம்தரம். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் யாழ்தேவி ரயில் எங்கெங்கே நிற்கும் என்று கேட்டார்கள். தொண்டையில் பெரிய போராட்டம் நடந்து, கடைசியில் ஒரே ஒரு சொல் திக்காமல் வந்ததாம்: "முறிகண்டி."

முறிகண்டியா! கண்டி வீதியில் போகிற பஸ், லொறி, மாட்டுவண்டி எல்லாம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும். அது வீதியின் வழக்கம். யாழ்தேவிக்கு அங்கே என்ன வேலை? ஒரு விசில் ஊதிவிட்டு அது பாட்டுக்குப் பறக்கும். பதினாறு வருடம் அந்தப் பாதையில் வேலைசெய்த ஒருவர் இப்படியும் ஒரு பதில் சொல்லுவாரா? பரிசோதகர் என்னைக் கூப்பிட்டு, "உம்முடைய ஆக்களுக்கு இதுகூடத் தெரியாதோ" என்று கேட்டபோது எனக்கு உச்சி கொதித்தது.

அன்று பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். குடியேற்றத் திட்டத்தில் மாமனாருக்குக் கிடைத்த வயற்காணியில் வீடு. படலையைத் திறக்கும்போதே சத்தம் போட்டேன். "மயில்வாகனம்! என்ன காணும், எந்த ஊர் யாழ்தேவி முறிகண்டியில நிக்கிறது?"

அவருடைய மனைவி இராசமலர் வெளியே வந்தா. என் கத்தலுக்கு ஒரு சொட்டும் அசையவில்லை. "எங்கட யாழ்தேவி நிக்கும் மாஸ்டர். செருப்பைக் கழட்டிப்போட்டுக் கொட்டிலுக்குள்ள வாங்கோ. உள்ளுக்குப் பிள்ளையார் இருக்கிறார்" என்றா.

செருப்பைக் கழற்றிப்போட்டு, ஏசிக்கொண்டே கொட்டிலுக்குள் தலையை நீட்டினேன்.

முப்பது அடிக் கொட்டில் முழுக்க வன்னி கிடந்தது. இந்தப் பக்கச் சுவரோடு வவுனியா, அந்தப் பக்கச் சுவரோடு ஆனையிறவு. இரண்டுக்கும் நடுவில், பனஞ்சலாகைத் துண்டுகளின் மேல் வேலிக் கம்பியால் இழுத்த தண்டவாளம் வளைந்து வளைந்து போனது. மாங்குளத்தைச் சுற்றிப் பச்சைக் குழைகளைக் குத்திக் காடு. இரணைமடுக் குளத்துக்கு ஒரு பெரிய எனாமல் பேசின், அதில் மெய்யான தண்ணீர். ஆனையிறவு உப்பளத்தில் மெய்யான உப்பு. கிளிநொச்சியில், அட கடவுளே, மெய்யான நெல்! ஈரமண்ணில் விதைத்து இரண்டங்குலம் முளைத்து நிற்கிறது. வயலுக்கு நடுவில் தீப்பெட்டி மட்டையால் என்னுடைய ஸ்ரேசன். நான் வழக்கமாக உட்காரும் ஜன்னல்கூட இருந்தது.

எத்தனையோ வருடமாக ரயில்வேயில் சோறு தின்கிறேன். எனக்குப் பாதை என்றால் ஒரு மணிச்சத்தம், ஒரு கொடி, தூரத்தில் ஒரு புகை. இந்தக் காடும் குளமும் வயலும் உப்பும் ஒரே கம்பியில் கோத்துக் கிடப்பதை அன்றைக்குத்தான் முதல்தரம் ஒரு பார்வையில் கண்டேன். அப்போதுதான் முழங்காலில் நின்றேன். கண்ணைத் தரையோடு வைத்துப் பார்த்தால் அந்தத் தண்டவாளத்துக்கு முடிவே இல்லாததுபோல் இருந்தது.

"முதல் சோதினை தவறின பிறகு தொடங்கினது" என்றா இராசமலர். "வாயால சொல்ல வராட்டிச் செய்து பழகுங்கோ எண்டு நான்தான் கரிக்கட்டியால நிலத்தில கீறிக் குடுத்தனான். பிறகு எங்களுக்கும் பைத்தியம் பிடிச்சிட்டுது. கறிக்கு உப்பில்லை மாஸ்டர், முழுக்க ஆனையிறவில கிடக்குது."

வண்டிகள் இரண்டு. பிஸ்கற் ரின் தகரத்தில் வெட்டியது யாழ்தேவி; அதன் வயிற்றில் கிராமபோன் சுருள்வில். முல்லைத்தீவு ஹலீம் நானா பழைய சாமான் லொறியில் கொண்டுவந்து கொடுத்ததாம். பால்ரின்னில் செய்தது சாமான் கோச்சி, அதாவது சரக்கு வண்டி; அதற்கு ஒரு அலாரம் மணிக்கூட்டின் வில். மகள் கமலாசனி கிளிநொச்சி ஸ்ரேசன் மாஸ்டர். வயது பன்னிரண்டு, என்னைவிடக் கடுமையான முகம். இராசமலர் மாங்குளம் மாஸ்டர். ஒரு ஸ்ரேசன் மற்ற ஸ்ரேசனோடு பேசுவது பித்தளை மூக்குப்பேணிக் குவளையில் கரண்டியால் தட்டி. மூன்று தட்டு கேள்வி, மூன்று தட்டு பதில். மயில்வாகனம் தட்டினார், மகள் பதில் தட்டினாள். கரண்டிக்குத் திக்கவில்லை.

எங்களுடையது ஒற்றைத் தண்டவாளம். ஒரு ஸ்ரேசனுக்கும் அடுத்த ஸ்ரேசனுக்கும் இடையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். அதற்காக ரப்லெற் என்று ஒரு வட்டத் தகடு இருக்கிறது. அது சாரதி கைக்கு வராமல் சக்கரம் அசையக்கூடாது. இந்த வீட்டு லைனிலும் அது இருந்தது. கமலாசனி பிள்ளையாக இருந்தபோது போட்ட இரும்புக் காப்பு. அதை எஞ்சினில் அடித்திருந்த ஆணியில் கொழுவினால்தான் வண்டி புறப்படும்.

புறப்பட்டது. மாங்குளக் காட்டைத் தாண்டி வந்து முறிகண்டியில், கைவிரல் அளவு பிள்ளையாருக்கு முன்னால், ஒரு தடுப்புக் கம்பியில் முட்டி நின்றது. இராசமலர் குன்றிமணி அளவு கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட்டா.

"கோச்சியெண்டால் என்ன, பஸ்ஸெண்டால் என்ன மாஸ்டர், முறிகண்டியானைக் கடந்து சும்மா போகேலுமே?"

மூன்று வருடம் தினமும் நின்ற இடம். பரீட்சையில் வேறெந்தப் பெயர் வாயில் வரும்?

அதன்பிறகு நான் அங்கே போகாத பின்னேரம் குறைவு. உமிமூட்டையில் குந்திக்கொண்டு வவுனியா மாஸ்டர் வேலையைப் பார்த்துக்கொள்வேன். சட்டப் புத்தகத்திலிருந்து கேள்வி கேட்பேன். மயில்வாகனம் வண்டியை ஓட்டிக் காட்டிப் பதில் சொல்வார். ஒரு பிழை கிடையாது. ஆனால் நான் எழுந்து நின்று, அதிகாரியின் குரலில் கேட்டால் போதும், "ர... ர... ர..." என்று அப்படியே நின்றுபோவார். அறுபத்துமூன்று ஆவணியில் மூன்றாம்தரம் வந்தது. கடைசித் தரம்.

இந்தமுறை வேறொரு பரிசோதகர் எங்கள் ஸ்ரேசனுக்கே வந்தார். சிரிக்கத் தெரியாத மனிதர். பத்துக் கேள்வி கேட்டார். பத்துக்கும் மயில்வாகனம் வியர்த்தார். பரிசோதகர் பேனா மூடியைத் திருகிக் கழற்றியபோது என்னால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, இந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். அரை மணித்தியாலம் தாருங்கோ, காட்டிறன்" என்றேன். பொறுப்பை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பெரிய மனிதரை வயல்வரம்பில் நடத்திக்கொண்டு போனேன்.

கொட்டிலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "ஓட்டுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

கமலாசனி காப்பைக் கொழுவிக் கிளிநொச்சியிலிருந்து சாமான் கோச்சியை விட்டாள். மயில்வாகனம் யாழ்தேவியோடு மாங்குளத்தில் காத்திருந்தார். சாமான் கோச்சி முறிகண்டியில் கற்பூரம் கண்டு, புறப்பட்டு, இரண்டு முழம் வந்து, கடகடவென்று முனகி நின்றுவிட்டது. வில் இளகிவிட்டது. கமலாசனி ஓடிப்போய்த் திருகினாள், சாவி அசையவில்லை. நல்ல நேரம் பார்த்துத் துருப்பிடித்திருந்தது.

பரிசோதகர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவர் திரும்பிப் போகவேண்டிய வண்டிக்கு இன்னும் இருபது நிமிடம்.

"சரி, அதைக் கையால தூக்கி அங்கால வையுங்கோ. யாழ்தேவியை விடுங்கோ."

யாரும் அசையவில்லை.

"மிஸ்டர் மயில்வாகனம், விளையாட்டுச் சாமான்தானே? எனக்கு நேரமில்லை. விடும் எண்டு நான் சொல்லுறன்."

இந்த மனிதரின் பேனாவில்தான் மயில்வாகனத்தின் ஆயுள் கிடக்கிறது. தூக்கி வையுமேன் காணும், பால்ரின்தானே என்று எனக்கே கத்தவேண்டும் போலிருந்தது. மயில்வாகனம் யாழ்தேவியின் முன்னால் கையை வைத்து மறித்துக்கொண்டு நிமிர்ந்தார். உதடு துடித்தது. பிறகு வந்தது.

"விடமாட்டன்."

ஒரு எழுத்தும் திக்கவில்லை.

"ரப்லெற் சாமான் கோச்சியில கிடக்குது. அது என்ரை கைக்கு வராமல் விடமாட்டன். நீங்கள் சொன்னாலும் விடமாட்டன் ஐயா. ஆர் சொன்னாலும் விடமாட்டன்."

இராசமலர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. பரிசோதகர் வேண்டுமென்றே சோதித்தாரா, இல்லை மெய்யாகவே அவசரத்தில் சொன்னாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் வைக்கோல் கட்டொன்றின் மேல் உட்கார்ந்தார். மணிக்கூட்டைச் சட்டைப்பைக்குள் போட்டார். "நான் அடுத்த கோச்சியில போறன்" என்றார். மூன்று கிழமை கழித்து, தேறியதாகக் கடிதம் வந்ததும், மயில்வாகனம் பச்சைக்கொடியைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்து எடுத்ததும் பிறகு நடந்தவை.

கமலாசனி சாவிக்குத் தேங்காயெண்ணெய் விட்டாள். சாமான் கோச்சி மாங்குளத்துக்கு வந்து சேர்ந்தது. மயில்வாகனம் காப்பைக் கழற்றி யாழ்தேவியில் கொழுவினார். மூன்று தட்டு, மூன்று பதில். யாழ்தேவி காட்டைக் கடந்து வந்து முறிகண்டியில் நின்றது. இராசமலர் கற்பூரம் கொளுத்தினா.

"இதென்ன, யாழ்தேவி இங்க ஏன் நிக்குது?" என்று கேட்டார் பரிசோதகர்.

மயில்வாகனம் என்னைப் பார்த்தார். சட்டப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருக்கிற ஆள் நான்.

"இந்த லைனில நிக்கும், ஐயா" என்றேன்.