நான் அழித்த வரி

மன்னவனூருக்கு மேலே எங்கள் ஊரில் மண் சரிந்த அன்று, காணாமல் போனவர்களின் பெயர்களைக் கம்ப்யூட்டர் வாத்தியாரான என்னிடம் தந்தார்கள். ஆளாளுக்கு வந்து சொன்னதால் பல பெயர்கள் திரும்பத் திரும்ப இருந்தன. டைப் செய்து, sort -u என்ற கட்டளையைக் கொடுத்தேன். ஒரே மாதிரியான வரிகளில் ஒன்று மட்டும் மிஞ்சியது. அச்சிட்டுக் கொடுத்தேன்.

மதியம், பட்டியலில் இருந்த எல்லாரும் கிடைத்துவிட்டதாகத் தேடலை நிறுத்தினார்கள். அப்போது ஒரு பெண் வந்தாள்.

"வெள்ளனே பூண்டுக் காட்டுக்குப் போன எங்க வீட்டுக்காரரு இன்னும் வரலைங்க சார். பேரு ராமசாமி."

"ராமசாமி வந்தாச்சேம்மா."

"அது அவரு பெரியப்பா மகனுங்க. ரெண்டு பேருக்குமே தாத்தா பேருதான் வச்சிருக்கு."

இரண்டாவது ராமசாமியை அழித்தது நான். மழை வலுத்தது. ஆட்களை மறுபடி அனுப்பிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து ஜன்னலோரமே நின்றேன்.

சாயங்காலம், கால் முறிந்திருந்த அவரை உயிரோடு தூக்கி வந்தார்கள்.

"லிஸ்டு போட்டது நீங்கதானாமே சார். நல்லா இருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்று ஒவ்வொரு வரியையும் விசாரித்துத்தான் அழிக்கிறேன். அவரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.