காய்ச்சல்கார பம்ப்

பானெட்டைத் திறந்து, வாளியில் முக்கிய துண்டைப் பிழிந்து, எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்பின் மேல் போர்த்துகிறார். ஸ்டியரிங் முன்னால் வியர்த்து வழிந்துகொண்டிருப்பவரிடம், "பாவம், அதுக்குக் காய்ச்சல். கொஞ்சம் பொறுங்க. உங்க மேல தப்பே இல்ல" என்கிறார்.

ஓட்டுநர் பள்ளி நடத்தும் இந்தப் பெண்மணிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. ஆனாலும் அறுபதைத் தாண்டியவரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார். பள்ளி என்பது ஒரு ஷட்டர் கடை, ஒரு மேசை, பலகையில் ஆணி அடித்துப் பொருத்திய மூன்று பெடல்கள். கார் அக்காவைவிட மூத்தது. நான் மாடியில் குடியிருக்கிறேன். காலையில் என்னை எழுப்புவது அதன் இருமல்தான்.

அக்காவுக்கு வாய் ஓயாது. "கியர்கிட்ட கெஞ்சவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம்." பின்னால் எவனாவது ஹாரன் அடித்தால் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "நீங்க பொறக்கும்போதே ஓட்டிக்கிட்டா வந்தீங்க?" என்று கேட்பார். மாணவரை ஒருநாளும் திட்டியதில்லை.

வெயில் ஏறினால் அந்தப் பம்புக்குள் பெட்ரோல் கொதித்து ஆவியாகி, கார் நின்றுவிடும். அது நிஜம். ஆனால் நிற்பதில் பாதி, கிளட்ச்சைச் சட்டென்று விடுவதால். அக்காவின் ஈரத்துண்டு இரண்டுக்கும் பேதம் பார்க்காது. நான் பழகிய நாட்களில், விடியற்காலைக் குளிரில் காரை அணையவிட்டபோதும் பம்புக்குக் காய்ச்சல்தான். நம்பினேன். நம்பியதால்தான் மறுநாளும் பழகப் போனேன்.

நாலு மாதம் முன்பு ஒரு நர்ஸ் சேர்ந்தார். ஐம்பதைக் கடந்தவர், எல்லோருக்கும் 'சிஸ்டர்'. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்கு மருத்துவமனை கார் தருகிறது. லைசென்ஸ் வாங்கினால் வேலை அவருக்கு, இல்லாவிட்டால் இன்னொருவருக்கு. "நடுங்காம ஊசி போடுற கை, இதைப் பிடிச்சா மட்டும் நடுங்குதே" என்று ஸ்டியரிங்கைப் பார்ப்பார். இரண்டு முறை தேர்வுக்குப் போனார். இரண்டு முறையும் வெயிலில் வரிசையில் நின்று, கார் உயிரை விட்டது. உண்மையான காய்ச்சல்தான், ஆனால் அதிகாரி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இன்னொரு தடவை நின்னா எனக்கு லைசென்ஸும் வேண்டாம், அந்த வேலையும் வேண்டாம்" என்றார் சிஸ்டர்.

அன்றே அக்கா காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். எஞ்சின் சூட்டிலேயே குந்தியிருந்த பழைய பம்பைக் கழற்றி, அந்த ஓட்டையைத் தகடு வைத்து மூடினார்கள். புதிதாக வந்தது மின்சாரப் பம்ப். பழக்கதோஷத்தில் மெக்கானிக் அதையும் எஞ்சின் பக்கமே பொருத்தப் பார்த்தார்.

"அங்க வேண்டாம் தம்பி. இது இழுக்குற பம்ப் இல்ல, தள்ளுற பம்ப். பின்னாடி டேங்க் பக்கத்துல வையுங்க."

"எங்க மாமியார் மாதிரின்னு சொல்லுங்க" என்று மெக்கானிக் காருக்கு அடியில் நுழைந்தார்.

சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து டிக் டிக் என்றது. உச்சிவெயிலில் ஊரையே சுற்றினோம்; கார் அசரவில்லை. அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போக நானும் பின்சீட்டில் தொற்றிக்கொண்டேன். சிஸ்டர் ஓட்டினார். முதல் திருப்பத்திலேயே கார் குலுங்கி நின்றது. "காய்ச்சலா அக்கா?" என்று பானெட்டைப் பார்த்தபடி காத்திருந்தார். அக்காவின் கை கதவுவரை போய், திரும்பி வந்தது.

"இல்ல சிஸ்டர். இது நீங்க."

"அப்போ, இத்தனை நாளும்?"

"பாதி அது, பாதி நீங்க. எந்தப் பாதின்னு மட்டும் கேக்காதீங்க."

சிஸ்டரின் முகம் விழுந்துவிட்டது. எனக்கே அக்காவின் மேல் கோபம் வந்தது. பிறகு சிஸ்டர் தோள் குலுங்கச் சிரித்தார். "நானும் இதையேதான் பண்றேன். ஊசி வலிக்கவே வலிக்காதுன்னு எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்கேன்."

சிரித்தாரே தவிர, பயம் போகவில்லை. அக்காவும் அந்த வாரம் பேச்சைக் குறைத்துவிட்டார். "பம்ப மாத்தியிருக்கவே கூடாதோ? அவங்களுக்குச் சாஞ்சுக்க ஒரு சுவர் இருந்துச்சு. நானே இடிச்சுட்டேன்" என்று என்னிடம் புலம்பினார்.

தேர்வன்று நானும் அக்காவோடு போயிருந்தேன். நல்ல வெயில். வரிசையில் கார் சமர்த்தாக நின்றது. மேட்டின் நடுவில் நிறுத்தி, மறுபடி கிளப்பச் சொன்னார் அதிகாரி. கார் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. ஒருமுறை அணைந்தால் மன்னிப்பு உண்டு. பின்னால் உருண்டால் அவ்வளவுதான். சிஸ்டர் கைபிரேக்கை இழுத்துவிட்டு, ஜன்னல் வழியே அக்காவைத் தேடினார்.

அக்கா சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி, சுவரில் இருந்த ஏதோ அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தார். "என்னப் பாத்தா, நான் வந்து சரிபண்ணுவேன்னு விட்டுடுவாங்க" என்று முணுமுணுத்தார்.

பின்னால் சாவி திரும்பியது. டிக் டிக். எஞ்சின் உறுமியது. அக்கா திரும்பவில்லை. தொடையோரம் தொங்கிய இடது கை மட்டும், கிளட்ச்சை விடுகிற பாதம்போல, உள்ளங்கை தரையைப் பார்க்க, மெல்ல மெல்ல மேலே எழுந்தது. கார் மேடேறி, சத்தம் அந்தப் பக்கம் இறங்கித் தேய்ந்த பிறகும் அந்தக் கை தோளுயரத்திலேயே நின்றது.