தருமன் கடையில் படம் இருட்டும் நேரம்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டீக்கடை வைத்திருக்கும் தருமனுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் கொலைப் படம்தான் உண்டு. பெயரைச் சொன்னாலும் யாருக்கும் தெரியாது. வந்த காலத்திலேயே ஓடாத படம். பாட்டு இல்லை, சண்டை இல்லை. மழை, மாடிப்படி, சுவரில் ஊர்ந்து போகும் நிழல், கொலைப்பழி விழும் ஒரு டாக்டர்.

"டாக்டர் மூஞ்சியில ஜன்னல் கம்பி நிழல் விழுது பாரு. அவன் ஒண்ணுமே பண்ணல, அதுக்குள்ள கேமராக்காரன் அவன ஜெயில்ல வச்சிட்டான்" என்று சொல்லும்போது தருமனுக்கு டீ ஆற்றுகிற கை நின்றுவிடும்.

மதியத்தில் கடை டிவியில் அதைப் போடுவார். காலாற உட்கார்ந்த கூட்டம் மெல்லப் படத்துக்குள் போய்விடும். கடைசிக் காட்சியில்தான் வினை. யாரோ விளக்கை அணைக்க, திரை முழுக்க இருட்டு. கேட்டும் கேட்காமலும் ஒரு மூச்சுச் சத்தம் மட்டும். நம் ஆட்கள் உடனே, "கரண்ட் போச்சுப்பா, நடங்க" என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அந்த டாக்டரையே கொலைகாரன் என்று நம்பி மலையைச் சுற்றி முடித்தவர்கள் எத்தனையோ பேர்.

"உங்களுக்குப் பிடிச்சா போதாதாண்ணா?" என்று டீ குடிக்கப் போன ஒருநாள் சீண்டினேன்.

"இன்னொருத்தர் முழுசா பாத்துட்டு நல்லாக்கீதுன்னு சொல்லணும்யா. இல்லன்னா எனக்குதான் புத்தி கெட்டுப்போச்சோன்னு பயமாக்கீது."

சிரிக்காமல்தான் சொன்னார்.

அவர் மனைவி எல்லம்மாள் படத்தின் பக்கமே திரும்ப மாட்டார். "சாமிய நெனச்சி நடக்கறவங்களுக்குக் கொலையக் காட்டறியே, நியாயமா?" என்பார். போன வாரம் முட்டி வீங்கி நிற்க முடியாமல், டிவிக்கு எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். இருட்டு வந்தது. கூட்டம் எழுந்தது, நானும் பாதி எழுந்தேன். பழகிப்போன தருமன் ரிமோட்டை எடுத்தார்.

"எதுக்கு நிறுத்தற?" என்றார் எல்லம்மாள்.

"எல்லாரும் கரண்ட் போச்சுன்னு..."

"மேல ஃபேன் ஓடுது. அதுகூடத் தெரியல இவங்களுக்கு. உக்காரு."

இருட்டில் ஒரு தீக்குச்சி எரிந்தது. அதைப் பிடித்திருந்தவள் டாக்டரின் மனைவி. குச்சி விரலைச் சுடும்வரை அவள் அசையவில்லை. தருமன் திரையைப் பார்க்கவில்லை, எல்லம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லம்மாள் மடியிலிருந்த கடலைத் தோலை உதறினார். "இவதான் கொன்னான்னு டாக்டருக்கு அப்பவே தெரியும்யா. அவ குடுத்த காபியக் குடிக்காம ஜன்னல்ல வச்சான் பாரு. தெரிஞ்சிக்கினே பழிய ஏத்துக்கினான், பாவம்."

"எந்தக் காபி?" என்றார் தருமன்.

பதிலுக்குக் காத்திராமல் படத்தைப் பின்னுக்கு ஓட்ட ஆரம்பித்தார். வாசலில் நாலைந்து பேர் டீ கேட்டு நின்றார்கள்.

"கொஞ்சம் இருங்கய்யா" என்றார் எல்லம்மாள். "அவரு ஒண்ணு பாத்துட்டு வரட்டும்."