மிதந்து போன கார்த்திகை

கொச்சியில் மட்டாஞ்சேரி வீட்டுக்கு நாங்கள் குடிபோனபோது எனக்கு ஒன்பது வயது. பாலக்காட்டில் தெரு முழுக்கச் சொந்தம் கொண்டாடிய அம்மாவுக்கு, இந்தச் சந்தில் பேச ஒரு ஆள் கிடையாது. அப்பாவுக்கோ, வேலை பார்த்த மிளகுக் கிடங்கு கூப்பிடு தூரத்தில் இருந்தது. கால்வாய் அதைவிடப் பக்கம் என்பதை வீடு பார்த்தபோது அவர் கவனிக்கவில்லை.

கார்த்திகை வந்தது. அம்மா முற்றம் நிறைய மாக்கோலம் போட்டு, அகல்களை வரிசையாக வைத்து, பொரி உருண்டை பிடித்து முடித்தாள். பௌர்ணமியன்று கடல் ஏறினால் கால்வாய் முற்றத்துக்கு வரும் என்பது அந்தச் சந்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். மலைப்பக்கத்திலிருந்து வந்த எங்களுக்குத்தான் தெரியாது. பொழுது சாயும் நேரத்தில் வேலிக்கு அடியிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் வந்து கோலத்தைத் துடைத்துவிட்டு, படிக்குக் கீழே நின்றது. அகல்களை மட்டும்தான் வாரியெடுக்க முடிந்தது.

அம்மா அழவில்லை. உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தாள்.

"வாசல்ல ஒரு வெளக்கு வைக்க எடமில்லாத ஆத்துல நான் இருக்க மாட்டேன். நாளைக்குக் காலம்பற கொழந்தைகளைக் கூட்டிண்டு பாலக்காட்டுக்குப் போறேன்" என்றாள்.

எனக்குப் போக மனமில்லை. அப்பாவை விட்டுப் போக வேண்டுமே என்பது முதல் காரணம். ஞாயிற்றுக்கிழமைகளில் வைப்பின் தீவுக்கு அவர் கூட்டிப்போகும் படகு இரண்டாவது காரணம். உண்மையைச் சொன்னால் அதுவும் முதல் காரணம்தான்.

படியில் உட்கார்ந்து தண்ணீரை முறைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு தேங்காய்ச் சிரட்டை மிதந்து போயிற்று. அதைப் பிடித்து அகலை வைத்தேன்; குப்புறக் கவிழ்ந்து எண்ணெய் போனதுதான் மிச்சம். அண்ணன் சிரித்துத் தீர்த்தான். வேலியோரம், குலை வெட்டிப் போட்டிருந்த வாழைத்தடி தண்ணீரில் அசைந்துகொண்டிருந்தது. சந்துப் பையன்கள் இதைப்போல நாலைந்தைக் கட்டிக் கால்வாயில் ஏறி உட்கார்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். பையன்களையே தாங்கும் தடி, ஒரு அகலைத் தாங்காதா?

அண்ணனிடம் கெஞ்சி, அதை வட்டம் வட்டமாக நறுக்க வைத்தேன். ஒவ்வொன்றின் நடுவிலும் கரண்டிக் காம்பால் குழி தோண்டி, அகலை அழுத்தி உட்காரவைத்தேன். முதல் விளக்கைத் தண்ணீரில் விட்டேன். ஆடியது, தயங்கியது, நிமிர்ந்து நின்றது. அண்ணன் அதன்பிறகு சிரிக்கவில்லை. கேட்காமலே அடுத்த வட்டத்தை வெட்டினான்.

முற்றம் முழுக்க விளக்குகள் மிதந்தன. ஒவ்வொரு விளக்குக்கும் தண்ணீருக்குள் இன்னொன்று. வேலிக்கு அப்பால், முட்டளவுத் தண்ணீரில், மடக்கிக் கட்டிய முண்டுகளோடு சந்து கூடிவிட்டது. இந்த வேலையைச் செய்தது யார் என்று ஒருவர் கேட்க, அப்பா என்னைத் தூக்கிக் காட்டினார். அந்த நிமிஷம் கொச்சி ராஜ்யத்தையே எனக்கு எழுதி வைத்ததுபோல் இருந்தது. அம்மா வாசல் நிலையைப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் பெட்டி திறந்தபடியேதான் இருந்தது.

காலையில் எழுந்து ஓடினால், முற்றத்தில் வெறும் சேறு. வற்றிய தண்ணீர் என் விளக்குகளை எல்லாம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. நான் ஓவென்று அழ ஆரம்பித்தபோது, அடுத்த வீட்டு உம்மா இரண்டு அகல்களோடு வந்தார்.

"இது நிங்கட விளக்கல்லே? எங்கட படியில வந்து இருந்நு" என்றார்.

அம்மா அவரை உட்காரச் சொல்லி, பொரி உருண்டை கொடுத்து, வெல்லப்பாகின் பதம் வரை விளக்கினாள். அவர் போவதற்குள் எதிர்வீட்டுச் சேச்சி வந்தாள். அப்புறம் மூலை வீட்டுக்காரர்கள். மதியம் வரை சந்து முழுக்க அகலும் கையுமாக எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. அம்மாவின் குரல் பாலக்காட்டில் இருந்த அளவுக்கு உயர்ந்துவிட்டது.

நான் அகல்களை அடுக்கிப் பார்த்தேன். சில திரும்பவே இல்லை. அம்மாவிடம் சிணுங்கினேன்.

"போனா போறது, போ" என்றாள் அவள், டிரங்குப் பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளியபடி.

அத்தனை நல்ல அகல்கள் காணாமல் போனதற்கு அம்மா ஏன் சிரிக்கிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.